நாற்பத்தேழாம் வரிசை

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். இருமல் மட்டும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் இரத்த அழுத்தமும் அண்ணனின் வலது கையும் எப்படி இருக்கின்றன?

பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் சொன்னபடி இனி மாதம் ஒரு கடிதம் போடுகிறேன். அண்ணா, இதை நீதான் சத்தம்போட்டுப் படிக்க வேண்டும். அண்ணி எடுத்துக் கொடுக்கக் கூடாது.

உங்கள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு துவரை விதை உறைகளும் கிழியாமல் வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் அண்ணியின் உருண்டைக் கையெழுத்து. தட்டுகளில் ஊன்றியாயிற்று. மூன்றாவது இலை வந்ததும் கிள்ளி, உறையவைத்து, பொடியாக்கி, மரபணுவைப் பிரித்தெடுப்போம். இயந்திரம் அதை ஒரே மூச்சில் படித்துவிடாது. ஒரு தடித்த புத்தகத்தை நூறு பிரதி எடுத்து எல்லாவற்றையும் சுக்குநூறாகக் கிழித்துக் கொடுத்தால் எப்படியோ, அப்படித் துண்டு துண்டாகத்தான் படிக்கும். துண்டுகளைச் சேர்த்து வரிசையாக்குவது எங்கள் கணினிக்காரர் பாடு.

அண்ணா, உன் பயிற்சி வரி: "துவரையின் பதினோரு குரோமோசோம்களில் வாடல் நோயைத் தடுப்பது எது?" மூன்று முறை, வேகமாக.

நீ உருவாக்கிய நாற்பத்தேழாம் வரிசையைத்தான் முதல் தட்டின் முதல் குழியில் ஊன்றினேன். வாடலைத் தடுக்கக் காட்டுத் துவரையிலிருந்து நீ அதற்குள் கொண்டுவந்த துண்டு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று நானே கண்டுபிடித்துச் சொல்கிறேன்.

உன் தங்கை,
சின்னு

*

மார்ச் 19

அன்புள்ள சின்னுவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் இருக்கிறோம். நல்லா இருக்கிறோமான்னு டாக்டரைத்தான் கேட்கணும். உன் இருமலுக்கு வெந்நீர் குடி, ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்காதே.

உன் கடிதத்தைப் படிச்சு முடிக்க உன் அண்ணனுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. 'குரோமோசோம்' வந்ததும் கண்ணாடியைக் கழட்டி வீசினார். அப்புறம் அவரே தேடி எடுத்து மாட்டிக்கிட்டு, மூணாவது தடவை சரியா சொன்னார். பக்கவாதம் வந்து இந்த அஞ்சு வருஷத்துல அவர் சொன்ன பெரிய வார்த்தை இதுதான்னு நினைக்கிறேன். நானும் கை தட்டினேன்.

வேலை எப்பவும் போலத்தான். விதை நாற்றங்கால் இன்னும் என் பொறுப்பு. அவர் வீட்டுல உட்கார்ந்தே இனவிருத்திப் பிரிவை நடத்துறதா நினைப்பு. இயக்குநர் வாரம் ஒருதரம் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறார், நல்ல மனுஷன். அக்டோபர்ல ரக வெளியீட்டுக் குழு கூடுது. நாற்பத்தேழு அதுல வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவர் காலையில கட்டிலை விட்டு எந்திரிக்கிறார்.

ஒரு சந்தேகம். நாற்பத்தேழு எல்லாச் சோதனையும் தாண்டியாச்சே, அதைப் போய் மறுபடி எழுத்துக்கூட்டணுமா? மத்ததைப் பார்த்தா போதாதா? எனக்குப் புரியாம கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணி

*

மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது; அதற்குப் பதில் முதுகுவலி வந்திருக்கிறது. அண்ணன் நடக்கிறானா? எத்தனை அடி?

அண்ணா, குரலைச் சரி செய்துகொள். முதல் சுற்று படித்து முடித்துவிட்டோம். நூற்றுப் பன்னிரண்டாம் வரிசையில் சீக்கிரம் பூக்கிற குணம் எங்கிருந்து வருகிறது என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. இருநூற்று ஆறில் காய்த்துளைப்பான் ஏன் கம்மி என்பதற்கும் ஒரு தடம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஆய்வகத் தலைவியம்மா யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். அவரே, "உங்க அண்ணன் கண்ணு பொல்லாத கண்ணு, இயந்திரம் இல்லாமலே பார்த்திருக்கார்" என்றார்.

மற்றபடி வேலை நிறைய. சில வரிசைகளை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறது, வழக்கம்தான்.

அண்ணி, ஒரு சின்ன விவரம் வேண்டும். நாற்பத்தேழின் விதையை எந்த வருட அறுவடையிலிருந்து எடுத்தீர்கள்? அதற்கு முந்தின வருட விதை கையிருப்பில் இருக்கிறதா? அவசரம் இல்லை.

சின்னு

*

மே 30

அன்புள்ள சின்னுவுக்கு,

நலம். மழைக்கு முன்னாடி உழவு ஓட்டணும், வேலை தலைக்கு மேல இருக்கு. அவர் வாசல் வரைக்கும் நடக்கிறார். உன் முதுகுக்குத் தைலம் தேய்.

உன் அண்ணன் எழுதச் சொன்னது: "மத்ததெல்லாம் சரி. நாற்பத்தேழு?"

மீதி அப்புறம்.

அண்ணி

*

ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

இதை வீட்டுக்கு அனுப்பாமல் நாற்றங்கால் அலுவலக விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் கையில் எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவான். ஃபோனில் பேசினாலும் அந்த ஒரே அறையில் அவன் காதுக்குப் போகும்.

நாற்பத்தேழில் காட்டுத் துவரையின் துண்டு இல்லை.

ஒருமுறை படித்தோம். நம்பாமல் புது இலை எடுத்து மறுபடி படித்தோம். மூன்றாம் முறை, உறையிலிருந்து வேறு விதையை நானே என் கையால் ஊன்றி, நானே கிள்ளி, கணினிக்காரருக்கு எண் சொல்லாமல் கொடுத்தேன். "இது விருந்தாளி ஆச்சே, இதை எதுக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

வெளி நிலையத்திலிருந்து வந்து உங்கள் தோட்டத்தில் பார்வைக்காக நட்டிருந்த பழைய ரகத்துக்கு உங்கள் களப்பணியாளர்கள் வைத்த பெயர் அது என்று உங்களுக்குத் தெரியும்; எங்கள் பட்டியலிலும் அதே பெயர்தான். உறையில் நாற்பத்தேழு என்று இருப்பது அந்த விருந்தாளிதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

உங்கள் மண்ணில் அது வாடாது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் தெற்கே இருக்கிற வாடல் பூஞ்சை வேறு வகை. பத்து வருடம் முன்னால் இதே ரகம் அங்கே பூக்கிற நேரத்தில் வயல் வயலாகச் சாய்ந்தது, திரும்பப் பெற்றார்கள். அக்டோபரில் குழு ஒப்புக்கொண்டால் புது எண் போட்டு அதே விதை அதே வயல்களுக்குப் போகும்.

உறை போடும்போது கைதவறி மாறியிருக்குமா? யோசித்துச் சொல்லுங்கள். தலைவியம்மா ஆகஸ்ட் வரை நேரம் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதுங்கள்.

சின்னு

*

ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. ஐந்து வாரமாக உங்கள் பதில் இல்லை.

உறை மாறவில்லை. மற்ற இரண்டு நிலையங்களில் நான்கு வருடமாக விதைத்திருக்கிற நாற்பத்தேழையும் வரவழைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் விருந்தாளிதான். ஆக, மாறியது ஆரம்பத்திலேயே.

நேற்று தலைவியம்மா கேட்டார்: "அண்ணன்கிறதால தாமதிக்கிறியா?" இல்லை என்றேன். பொய். அறைக்கு வந்து உட்கார்ந்ததும், இத்தனை நாள் கிட்டே வரவிடாமல் வைத்திருந்த எண்ணம் வந்துவிட்டது. அண்ணனே தெரிந்து மாற்றினானா? இனவிருத்தி பலிக்காமல் போனதும் ஒரு நல்ல ரகத்தை எடுத்து எண் மாற்றிவிட்டானா? அவனைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். இரவெல்லாம் அவன் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

உங்களுக்குத் தெரிந்ததை ஒரு வரியில் எழுதினாலும் போதும்.

சின்னு

*

ஜூலை 24

சின்னு,

உன் அண்ணன் மேல கோபப்படாதே. அவருக்கு ஒண்ணும் தெரியாது. மாத்தினது நான்.

அவர் விழுந்த வருஷம் நாற்பத்தேழு ஒரே ஒரு வரிசைதான் இருந்தது, தாழ்வான பக்கத்துல. நாப்பது நாள் ஆஸ்பத்திரியில அவர் கட்டில் பக்கத்துலயே கிடந்தேன். நடுவுல விடாம ஒன்பது நாள் மழை. ஒரு நாள் துணி மாத்த வந்தவ, அப்படியே தோட்டத்துக்குப் போனேன். தண்ணி முழங்காலுக்கு நின்னுது. துவரைக்கு நோயைக்கூடச் சமாளிக்கத் தெரியும், நின்ன தண்ணியைச் சமாளிக்கத் தெரியாது. ஒரு செடியைப் பிடிச்சு இழுத்தேன், கையோட வந்துடுச்சு. வேர் கறுப்பு. வரிசை முழுக்கப் பிடுங்கிப் பார்த்தேன். முப்பத்தாறு செடி. ஒண்ணும் இல்லை.

கையிருப்பு டப்பாவுக்கு ஓடினேன். வெயில்ல காயவைக்க ஆள் இல்லாம வண்டு புகுந்திருந்தது. உள்ளே ஓட்டையும் மாவும்தான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அதுவரைக்கும் அவருக்கு வாய் வரலை. மறுநாள் காலையில முதல் வார்த்தை வந்தது. என் பேரும் இல்லை, உன் பேரும் இல்லை. "ஏழு"ன்னார். டாக்டர் எதையோ எண்ணுறார்னு நினைச்சார். எனக்குத் தெரியும். சாயங்காலம் முழுசா கேட்டார். "நாப்பத்தேழு... எப்படி?"

"நல்லா இருக்கு"ன்னேன்.

சிரிச்சார் சின்னு. பாதி முகம்தான் சிரிச்சது.

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணியிருக்கணும்னு நீ சொல்லு. ஒரு வாரம் கழிச்சுச் சொல்லலாம்னு நினைச்சேன், ஒரு மாசம் கழிச்சுன்னு நினைச்சேன். அறுவடை வந்தது. மேட்டுப் பக்கத்துல விருந்தாளி காய்ச்சுக் குலுங்கிட்டு நின்னுது. அதே மஞ்சள் பூ, அதே பழுப்பு விதை. ஒரு படி எடுத்து நாற்பத்தேழுன்னு எழுதிப் போட்டேன். அந்த வருஷம் மட்டும் சமாளிச்சா போதும்னு நினைச்சேன். அவர் உடம்பு தேறினதும் சொல்லிடலாம், பழைய கலப்புல இருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்னு. ஆனா விதை பரவிடுச்சு. மத்த நிலையத்துக்குப் போச்சு, நல்ல பேர் வாங்கிட்டு வந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் தட்டுத்தடுமாறி எழுந்து நின்னார். ஒவ்வொரு வருஷமும் என் வாய் இன்னும் கொஞ்சம் அடைச்சுப் போச்சு.

தெற்கே சாய்ஞ்ச கதை எனக்கு நிஜமா தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனான்னு என்னையே கேட்டுப் பார்த்தேன். உன் கடிதத்துக்கு அஞ்சு வாரம் பதில் போடாததும் அதனாலதான்.

நீ எழுத வேண்டியதை எழுது.

அண்ணி

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. மூன்று நிலையங்கள், ஐந்து வருடங்கள். எத்தனை பேர் வெயிலில் குனிந்து இல்லாத ஒன்றின் காய்களை எண்ணியிருக்கிறார்கள்! என்னிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டாம் முறை, அந்த நாற்பது நாளில் நான் இரண்டு தடவைதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. இரண்டு தடவையும் மாலை ரயிலுக்கே திரும்பிவிட்டேன்.

அறிக்கை இந்த மாதக் கடைசியில் போகிறது. நாற்பத்தேழை வெளியிடக் கூடாது என்று எழுதிவிட்டேன். அதில் மாற்றம் இல்லை. காரணம் என்ற இடத்தில் மட்டும் "உறைக் குறிப்பில் தவறு நேர்ந்திருக்கலாம்" என்று எழுதலாம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். நீங்கள் ம் என்றால் போதும்.

ஆனால் அண்ணனுக்கு விஷயம் அரசாங்கக் கடிதமாகப் போய்ச் சேரக் கூடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் வரட்டுமா?

சின்னு

*

செப்டம்பர் 1

அன்புள்ள சின்னுவுக்கு,

உடம்பு இருக்கு. நீ வர வேண்டாம்னு கார்டுல ஒரே வரியா தந்தி மாதிரி எழுதினதுக்கு வருத்தப்பட்டிருப்பே. உன் முகத்தை வச்சுக்கிட்டு என்னால சொல்லியிருக்க முடியாது.

'தவறு நேர்ந்திருக்கலாம்' எல்லாம் வேண்டாம். அப்படி எழுதினா உறை போடுற பொண்ணுங்க மேல போகும். மூணு பேர், மூணு பேரும் தினக்கூலி. இயக்குநர்கிட்ட நானே எழுதிக் கொடுத்துட்டேன். படிச்சார், மூக்குக்கண்ணாடியைத் துடைச்சார், மறுபடி படிச்சார். "அம்மா, எத்தனை தடவை நான் வந்து உங்க கையால டீ குடிச்சிருக்கேன்" அப்படின்னு மட்டும் சொன்னார். அதுக்குத் திட்டியிருக்கலாம். நாற்றங்காலை விட்டு எடுத்து, களையெடுக்கிற கூட்டத்துல போட்டிருக்காங்க. விசாரணை நடக்கும். நாற்பத்தேழைக் குழுப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு.

அவர்கிட்ட பதினொண்ணாம் தேதி சொன்னேன். ஆரம்பத்துல இருந்து, கறுப்பு வேர், வண்டு, எல்லாம். நடுவுல நிறுத்தலை, நிறுத்தினா முடிச்சிருக்க மாட்டேன். கேட்டுட்டே இருந்தார். முடிச்சதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

பத்தொன்பது நாள் பேசலை. பயிற்சி கொடுக்கிறவர் வந்தா அவர்கிட்டயும் பேசலை. தட்டை வச்சா சாப்பிட்டார், எடுத்தா விட்டார். வாய் மறுபடி போயிடுச்சோன்னு டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். "வாய் நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டுப் போயிட்டார்.

நேத்து காகிதம் வேணும்னு கையால காட்டினார். இடது கையால அரை நாள் உட்கார்ந்து எழுதினார். நான் பார்க்கலை. அவரே மடிச்சு ஒட்டினார். கூட வச்சிருக்கேன்.

அண்ணி

*

(அதே உறையில், இடது கையால் எழுதியது)

சின்னு

விழுறதுக்கு முந்தின வருஷம். உங்க விதைக் காப்பகத்துக்கு அனுப்பினேன். 47. அறுபது விதை. பழுப்பு உறை. என் கையெழுத்து. அவளுக்குத் தெரியாது.

தேடு.

அவ மேல கோபம் இருக்கு. இருக்கட்டும். வேற யாரும் அவளை ஒண்ணும் சொல்லக் கூடாது.

அண்ணன்

*

நவம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நிச்சயமாகத் தெரிகிற வரை எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

அண்ணா, உறை கிடைத்தது. காப்பகத்தின் குளிர் அறையில் இல்லை. நீ அனுப்பிய படிவத்தின் இரண்டாம் பக்கம் வராததால் அதை உள்ளே சேர்க்காமல், அடுத்த வருடம் அதைக் கேட்டு உனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அப்போது நீ ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாய். பதில் வராத உறைகளையெல்லாம் நடைவழியில் ஒரு இரும்பு அலமாரியில் போட்டுவைத்திருந்தார்கள். ஆறு கோடை அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது. காப்பகக்காரர் சாவி தேடவே இரண்டு நாள் ஆயிற்று.

அறுபது விதையும் இருந்தன. பூச்சி இல்லை. ஐம்பதை முளைக்கப் போட்டேன். ஈரத்தாளில் பத்து, மணலில் இருபது, தோல் கீறி இருபது. தினமும் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் வாரம் பூசணம் பிடித்தது. ஒன்றும் முளைக்கவில்லை.

மீதிப் பத்தைப் பொடி செய்து படித்தோம். உயிர் போன விதையிலும் எழுத்து அழியாது. காட்டுத் துவரையின் துண்டு இருக்கிறது அண்ணா. இரண்டாம் குரோமோசோமில், முனைக்குப் பக்கத்தில். நீ குறித்துவைத்திருந்த குணத்துக்குப் பொருத்தமான இடத்தில். கணினிக்காரர் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டு எழுந்துபோய் வெளியே நின்றார். நீ சொன்ன செடி உண்மையிலேயே இருந்தது.

இப்போது அடையாளம் தெரிந்துவிட்டதால் காட்டுத் துவரையிலிருந்து மறுபடி கொண்டுவர முடியும். இங்கே ஓர் இனவிருத்தியாளர் அடுத்த பருவத்தில் கலப்பு வேலையை ஆரம்பிக்கிறார். ஆறேழு வருடம் ஆகும். எண் வேறாக இருக்கும்.

களைத்துப்போயிருக்கிறேன். ஒரு வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருகிறேன், இந்தத் தடவை மாலை ரயிலுக்குத் திரும்ப மாட்டேன்.

சின்னு

*

டிசம்பர் 6

அன்புள்ள சின்னுவுக்கு,

ரெண்டு பேரும் இருக்கிறோம். விடுப்பு கிடைச்சா சொல்லாமலே வந்துடு, கட்டில் தட்டி வச்சிருக்கேன்.

உன் கடிதத்தை அவரே படிச்சார். 'முளைக்கவில்லை' வரைக்கும் திக்காம வந்தார். அப்புறம் காகிதத்தை மடியில வச்சு நீவிட்டு மறுபடி எடுத்தார். துண்டு இருக்குங்கிற இடம் வந்தப்போ தலையை ஆட்டினார். யாரோ வழி கேட்டதுக்கு ஆமாங்கிற மாதிரி.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பேச ஆரம்பிச்சார். மூணு மாசத்துல என்கிட்ட கேட்ட முதல் கேள்வி. "தண்ணி எந்தப் பக்கம் இருந்து வந்துது?"

"வடக்குல இருந்து."

"வடக்குல வடிகால் இருந்துதே."

நான் தட்டைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். அவர் விரலால போர்வை மேல கோடு போட்டார், தோட்டம், மேடு, தாழ்வு, வடிகால். விரல் ஒரு இடத்துல நின்னுது.

"மூடினது நான்தான்" அப்படின்னார். "ரெண்டு வரிசை கூடுதலா போடலாம்னு. விழுறதுக்குப் பத்து நாள் முன்னாடி. ஆள் விட்டு மண் தள்ளச் சொன்னேன்."

"ம்"ன்னேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"பிடுங்கிப் பார்த்த அன்னைக்கே. தண்ணி ஏன் நிக்குதுன்னு பார்க்க அந்தக் கோடி வரைக்கும் போனேன்."

உனக்கு எழுதின கடிதத்துலயும் இதை நான் எழுதலை சின்னு. இயக்குநருக்கும் எழுதலை. எழுதிக் கொடுத்தது பூரா என் தப்பைத்தான், அதுல பொய் ஒண்ணும் இல்லை. இதை மட்டும் என்னோடயே வச்சுக்கலாம்னு இருந்தேன். வாய் வராத மனுஷன்கிட்ட போய், உங்க செடியை மூழ்கடிச்சது நீங்கதான்னு எப்படிச் சொல்றது?

அவர் அழுவார்னு நினைச்சேன். அழலை. "இதையும் சேர்த்தா தூக்கிட்டு இருந்தே"ன்னு கேட்டார். அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிட்டோம். சோறு ஆறிப்போயிருந்தது, சூடு பண்ணணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை.

விசாரணை தை மாசத்துக்குத் தள்ளிப்போயிருக்கு. வடிகாலைப் பத்தி அவரே இயக்குநருக்குச் சொல்லணும்கிறார். வேண்டாம்னேன். சொல்லுவார், எனக்குத் தெரியும். சொல்லட்டும்.

இன்னைக்குக் காலையில வேலைக்குக் கிளம்பி வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். களையெடுக்கிற வேலை புதுசு, குனிஞ்சே இருக்கணும், முட்டி வீங்கிக்கிடக்கு. உள்ளே இருந்து கேட்டார்.

"கால் வலிக்குதா?"

இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன். பழக்கம். அப்புறம் அப்படியே படியில உட்கார்ந்து, "ஆமா, ரொம்ப வலிக்குது"ன்னேன்.

அண்ணி